அடுப்படிக் கணக்கு

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் குழுப் பொருளாளர் ஒருவர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம். வாசிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்குக் குழுக் கூட்டத்தில் ஊக்குநர் படித்துக் காட்டவும்.)



என்னை மேடைக்குக் கூப்பிட்டு "குறைஞ்ச செலவுல சத்தான சாப்பாடு பற்றிப் பேசுங்க"ன்னு சொன்னாங்க. நான் டாக்டர் இல்லை, படிச்ச டீச்சரும் இல்லை. எட்டாவது வரைக்கும் படிச்சவ. குழுவில் 11 வருஷமா பொருளாளரா இருக்கேன். கணக்கு எழுதத் தெரியும். அதனால் சமையலைக் கணக்கு வழியாகவே சொல்றேன்.

நம்ம தர்மபுரி மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1989-ஆம் ஆண்டு பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கப்பட்டது இங்கேதான். அன்றிலிருந்து நாம் சேமிப்புக் கணக்கு எழுதுகிறோம், கடன் கணக்கு எழுதுகிறோம், வட்டிக் கணக்கு எழுதுகிறோம். ஆனால் தினமும் மூணு வேளை நம்ம கையால் நடக்கிற அடுப்படிக்கு மட்டும் கணக்கு எழுதுவதில்லை. நானும் எழுதினதில்லை. எழுத வைத்தது எனக்கு வந்த கஷ்டம்தான்.

நான் மயங்கி விழுந்த கதை

2022 சித்திரை மாதம். நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் வெட்டிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே உட்கார்ந்தவள் சாய்ந்துவிட்டேன். கூட வேலை செய்தவங்க தண்ணீர் தெளித்து ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தம் பரிசோதித்துப் பார்த்தால் அளவு 7.8. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் குறையக் கூடாதாம். எனக்கு எட்டுகூட இல்லை.

நர்சம்மா கேட்டாங்க, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" யோசித்துப் பார்த்தேன். காலையில் டீயும் ரெண்டு பிஸ்கட்டும். மத்தியானம் சோறும் ரசமும். இராத்திரி மீந்த சோறும் ஊறுகாயும். "குழம்பு வைக்கலையா?" வைத்தேன். பருப்புக் குழம்பு வைத்தேன். வீட்டுக்காரருக்கு ஊற்றி, பிள்ளைகளுக்கு ஊற்றி, மாமியாருக்கு ஊற்றி, நான் உட்காரும்போது அடியில் தண்ணிதான் இருந்தது. நர்சம்மா ஒண்ணும் சொல்லலை. எழுதிக்கொண்டாங்க.

பரிசோதனை, மாத்திரை, ஆட்டோ, பத்து நாள் வேலைக்குப் போகாதது எல்லாம் சேர்த்து, குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. முதல் மாதமே வட்டி மட்டும் 80 ரூபாய். அந்தக் கடனை நானே பேரேட்டில் எழுதும்போது முந்தின பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அந்த வருஷம் எங்க குழுவில் கொடுத்த உள்கடன்களில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கினதுதான் அதிகம். மாடு வாங்க, கடை வைக்க, படிப்புக்கு என்று வாங்கினது குறைவு. நாம வாய்க்கட்டி வயிற்றைக்கட்டி மிச்சம் பிடிச்ச காசு, வயிற்றைக் கட்டினதாலேயே ஆஸ்பத்திரிக்குப் போகிறது. இதைவிட என்ன கொடுமை வேண்டும்?

இது என் ஒருத்தி கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிற நம்மில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கிறவரைப் பாருங்கள். ஒன்று அவர், இல்லாவிட்டால் நீங்கள்.

ஒரு மாதச் செலவு

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, வாய்க்குப் போகிற ஒவ்வொரு காசையும் ஒரு மாதம் எழுதினேன். எங்க வீட்டில் ஐந்து பேர். வீட்டுக்காரர் கட்டட வேலை, மாமியார், ரெண்டு பிள்ளைகள், நான்.

முதலில் ஒரு பட்டியல்:
பிள்ளைகளுக்குப் பாக்கெட் தின்பண்டம், தினம் ஆளுக்கு 10 ரூபாய்: 600
ஞாயிற்றுக்கிழமை பரோட்டா பார்சல், 4 தடவை: 640
சாயங்காலம் கடையில் வடை, போண்டா, 12 நாள்: 360
பிஸ்கட், கலர்த் தண்ணி: 250
மொத்தம் 1,850 ரூபாய்.

அடுத்த பட்டியல்:
ரேஷன் துவரம்பருப்பு 1 கிலோ: 30
கடையில் வாங்கின பருப்பு அரை கிலோ: 75
பச்சைப்பயறு அரை கிலோ: 50
முட்டை 20: 120
கீரை 8 கட்டு: 80
மொத்தம் 355 ரூபாய்.

நான் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். தப்பு இல்லை. உடம்பை வளர்க்கிற சாமானுக்கு 355. நாக்குக்கு 1,850. "நம்மகிட்ட காசு இல்லை, அதனாலதான் சத்தா சாப்பிட முடியலை"ன்னு அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். காசு குறைவுதான், பொய் இல்லை. ஆனால் இருந்த காசும் தப்பான பையில் போய்க்கொண்டிருந்தது.

இதைக் கேட்டு யாரும் மனம் நோக வேண்டாம். பிள்ளை அழுதால் பத்து ரூபாய் பாக்கெட் வாங்கிக் கொடுக்காத தாய் யார்? வேலை முடிந்து ஆறு மணிக்கு வருகிறோம், அலுப்பு. கடையில் வாங்கினால் சுலபம். அது எனக்கும் தெரியும். அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தவில்லை. பரோட்டாவை மாதம் ரெண்டு தடவை ஆக்கினேன், 320. பாக்கெட்டை வாரம் ஒரு நாள் ஆக்கினேன், 80. கடை வடையை மாதம் 120 ரூபாய்க்குள் நிறுத்தினேன். பிஸ்கட், கலர்த் தண்ணி மட்டும் அடியோடு இல்லை. ஆக 520 ரூபாய். மிச்சம் 1,330 ரூபாய் கையில் நின்றது.

அந்த 1,330-இல் முட்டை இன்னும் 40 வாங்கினேன், 240. வேர்க்கடலை 2 கிலோ, 260. கொள்ளு 1 கிலோ 80, தட்டைப்பயறு 1 கிலோ 110. கேழ்வரகு 6 கிலோ, 270. வெல்லம் 1 கிலோ, 60. ஆக 1,020. பாக்கி 310. அதில் 300 ரூபாயைக் குழுக் கடன் தவணையோடு சேர்த்துக் கட்டினேன். புதுசாக ஒரு பைசா சம்பாதிக்கவில்லை.

இது 2022 விலை. இன்றைக்கு விலை மாறியிருக்கும். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள்.

எதை வாங்குவது?

சோறு மட்டும் சாப்பிட்டால் பசி அடங்கும், பலம் வராது. சோற்றோடு பருப்போ பயறோ சேர வேண்டும். அரிசியில் இல்லாதது பயறில் இருக்கிறது, பயறில் குறைவது அரிசியில் இருக்கிறது. ரெண்டும் சேர்ந்தால்தான் முழுச் சத்து. நம்ம முன்னோர் இட்லிக்கு உளுந்து போட்டதும், களிக்குக் கொட்டைக் குழம்பு வைத்ததும் சும்மா இல்லை.

துவரம்பருப்பு விலை ஏறினால் பருப்பே இல்லாமல் இருந்துவிடுகிறோம். அது தேவையில்லை. கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, அவரைக்கொட்டை, பச்சைப்பயறு எல்லாம் பருப்புதான். நம்ம மானாவாரிக் காட்டில் விளைகிறது. எது அந்த மாதம் மலிவோ அதை வாங்குங்கள்.

கேழ்வரகு பற்றி ஒன்று சொல்லணும். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120-தான். பால் வாங்க முடியாத வீட்டுக்குக் கேழ்வரகு பெரிய உதவி. ஆனால் நம்ம பிள்ளைகள் "களி வேண்டாம், பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க"ன்னு சொல்லுது. என் மகனும் சொன்னான். "டேய், 2023-ஐ உலகம் முழுக்கச் சிறுதானிய ஆண்டுன்னு ஐக்கிய நாடுகள் சபையே அறிவிச்சது. டவுனில் இருக்கிறவங்க இதையே அதிக விலை கொடுத்து வாங்கித் தின்கிறாங்க"ன்னு சொன்னேன். 2023 மே மாதம் நம்ம தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிற திட்டத்தைத் தொடங்கினதும் உங்களுக்குத் தெரியும். அப்போது அதை வாங்கி மாட்டுக்கு வைத்தவங்களும் நம்மில் உண்டு. இனிமேல் அப்படிச் செய்ய வேண்டாம்.

ரேஷன் அரிசி பற்றி இன்னொன்று. செறிவூட்டப்பட்ட அரிசி வந்தபோது, கழுவும்போது மேலே மிதக்கிற அரிசியைப் பார்த்து "பிளாஸ்டிக் அரிசி"ன்னு நம்ம ஊரில் புரளி கிளம்பியது. நானும் பொறுக்கி எறிந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது அரிசி மாவில் இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்துச் செய்த அரிசி. 100 அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தார்கள். அதைத்தான் நான் சாக்கடையில் கொட்டினேன், இரத்தம் இல்லாதவள்! எறியாதீர்கள். அரிசியை நாலைந்து தடவை தேய்த்துக் கழுவாமல் ரெண்டு தடவை கழுவினால் போதும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடியுங்கள், இல்லை ரசத்தில் சேருங்கள்.

ஐந்து பேருக்கு ஐந்து சமையல்

1. களி
நொய்யரிசி 1 டம்ளர், தண்ணீர் 6 டம்ளர், கேழ்வரகு மாவு 2 டம்ளர். நொய் குழைய வெந்ததும் உப்புப் போட்டு மாவை நடுவில் மலை போலக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவே ஒரு ஓட்டை போட்டு மூடிவிடுங்கள். தீயைக் குறைத்துப் பத்து நிமிஷம் விட்டு, இறக்கிக் கட்டி இல்லாமல் கிண்டி உருண்டை பிடியுங்கள். மீந்ததை மறுநாள் காலையில் மோரில் கரைத்தால் கூழ். சின்ன வெங்காயம் ரெண்டு கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். டீயும் பிஸ்கட்டும் இதுக்கு ஈடாகாது.

2. கொள்ளு, ஒரே அவியலில் ரெண்டு குழம்பு
கொள்ளு 1 டம்ளர். கல், மண் பார்த்துக் கழுவி இராத்திரியே ஊற வையுங்கள். காலையில் 6 டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் 6, 7 விசில். தண்ணீரை வடித்துப் புளி, பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டால் ரசம். வெந்த கொள்ளை வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, துளி புளி வைத்துக் கடைந்தால் கடையல். ஒரு வேளை களிக்கு, ஒரு வேளை சோற்றுக்கு. விறகும் மிச்சம், கேஸும் மிச்சம்.

3. அரிசி பருப்புச் சாதம்
வேலை முடிந்து அலுத்து வருகிற அன்றைக்கு இதுதான். அரிசி 3 டம்ளர், துவரம்பருப்பு 1 டம்ளர். குக்கரில் எண்ணெய் 2 கரண்டி ஊற்றிக் கடுகு, சீரகம், வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்புப் போட்டு, 10 டம்ளர் தண்ணீர் ஊற்றி, அரிசி பருப்பைப் போடுங்கள். கையில் கிடைத்த கீரையைக் கிள்ளிப் போடுங்கள். ஒரே பாத்திரம், அரை மணி நேரம். பரோட்டாக் கடைக்குப் போய் வருகிற நேரம்கூட ஆகாது.

4. முருங்கைக்கீரை முட்டைப் பொரியல்
ஆளுக்கு ஒரு முட்டை வாங்க முடியாத நாளில் மூணு முட்டையை ஐந்து பேருக்கு ஆக்கலாம். உருவிய முருங்கைக்கீரை நாலு கைப்பிடி. வெங்காயம் வதக்கிக் கீரையைப் போட்டு, வெந்ததும் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. கீரை கூடச் சேரும்போது பிள்ளைகள் ஒதுக்காமல் தின்னுவார்கள். கீரையைக் கழுவிவிட்டு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணியோடு போய்விடும்.

5. கடலை உருண்டை
வேர்க்கடலை அரை கிலோ வறுத்துத் தோல் நீக்கி, வெல்லம் 300 கிராம் சேர்த்து உரலில் இடித்துப் பிடித்தால் 30 உருண்டை வரும். எங்க கணக்குப்படி கடலை 65 ரூபாய், வெல்லம் 18 ரூபாய், ஆக 83 ரூபாய். ஒரு உருண்டை மூணு ரூபாய்கூட ஆகவில்லை. பத்து ரூபாய் பாக்கெட்டில் பாதி காற்றுதான். ஒரு எச்சரிக்கை: கறுத்த கடலை, பூஞ்சை பிடித்த கடலை, கசக்கிற கடலையைத் தூக்கி எறியுங்கள். காசு போட்டு வாங்கினதே என்று வறுத்துத் தின்னக் கூடாது. அது ஈரலைக் கெடுக்கும்.

இது போக, தட்டைப்பயறு, மொச்சை எதுவானாலும் ஊற வைத்து அவித்துத் தாளித்தால் சாயங்காலச் சுண்டல். சந்தையில் நெத்திலிக் கருவாடு கிடைத்தால் கொஞ்சம் வாங்குங்கள். முள்ளோடு தின்பதால் எலும்புக்கு நல்லது. உப்பு அதிகம் என்பதால் வெந்நீரில் ஊறவிட்டு அலசிப் போடணும். பாலக்கோடு பக்கம் தக்காளி விலை விழுந்து ரோட்டில் கொட்டுகிற நாட்களில் அஞ்சு கிலோ வாங்கித் தொக்கு கிண்டி வையுங்கள். விலை ஏறும்போது கைகொடுக்கும்.

சின்னச் சின்ன விஷயம், பெரிய பலன்

சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுக்க விடாமல் டீ தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். அதே மாதிரி, கீரையோ பயறோ சாப்பிடும்போது எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிந்துகொண்டால், இல்லை ஒரு நெல்லிக்காய் தின்றால், அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். நான் மாதத்துக்கு ரெண்டு லிட்டர் எண்ணெயைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். அதுக்குள் சமைக்கணும். முதல் மாதம் கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் ஒரு முருங்கைப் போத்து, ஒரு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை வையுங்கள். ஒரு பாய் அளவு இடம் இருந்தால் தண்டுக்கீரை விதை தூவுங்கள். ஒரு மாதத்தில் பறிக்கலாம். இன்று எங்க வீட்டில் கீரைக்குக் காசு கொடுப்பதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இரத்தம் ரொம்பக் குறைந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. நான் கீரை தின்றே 7.8-லிருந்து ஏறிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு மாதம் இரும்புச் சத்து மாத்திரையும் தவறாமல் சாப்பிட்டேன். குடல் புழுவுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போகுது, வயிறு பிரட்டுது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். தொந்தரவு இருந்தால் நர்சம்மாவிடம் சொல்லிக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அளவு 11.2. இன்னும் 12 ஆகவில்லையே என்று எனக்குக் குறை. நர்சம்மா, "விடாம சாப்பிடுங்க, வரும்"னு சொன்னாங்க. அடுத்த வருஷம் வந்தது.

என் பங்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். களி கிண்டத் தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. கொள்ளு ரசம் எனக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும். அப்படி இருந்தும் ஏன் நமக்கு இரத்தம் இல்லை? சமைக்கிறோம், ஆனால் நாம் சாப்பிடுவதில்லை. அடி மண்டியைச் சாப்பிடுகிறோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் ஒரு நாள், குழம்பு இறக்கினதும் முதலில் ஒரு கிண்ணத்தில் என் பங்கைக் கெட்டியாக எடுத்து மூடி வைத்தேன். மாமியார் பார்த்துட்டாங்க. "என்னம்மா இது, ஆம்பளை சாப்பிடும் முன்னாடி உனக்கு எடுத்து வைக்கிறே?"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அத்தை, எட்டாயிரம் கடன் வாங்கியிருக்கேன். இந்தக் கிண்ணம் நிறைஞ்சிருந்தா அந்தக் கடன் வந்திருக்காது"ன்னு சொன்னேன். வேறு ஒண்ணும் சொல்லத் தெரியலை.

அவங்க ஒண்ணும் பேசலை. இராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடிந்ததும் என் கிட்டே வந்து உட்கார்ந்து, "நான் வாக்கப்பட்டு வந்து நாப்பது வருஷம், குழம்புல கிடக்கிற கொட்டையை நான் தின்னதே இல்லை. இப்ப நீ ஊத்தறப்பதான் தின்கிறேன்"னு சொன்னாங்க. மறுநாள் காலையில் நான் தண்ணிக்குப் போய் வந்தேன். கிண்ணத்தில் என் பங்கை அவங்களே எடுத்து மூடி வைத்திருந்தாங்க. அன்றிலிருந்து அந்த வேலை அவங்களுடையது. என் வீட்டுக்காரர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போ ஞாயிற்றுக்கிழமை அவரே முட்டை வாங்கி வரும்போது ஐந்தாக எண்ணி வாங்கி வருகிறார். முன்னெல்லாம் நாலுதான் வாங்குவார்.

என் மகளுக்கும் அதே பங்கு, மகனுக்கும் அதே பங்கு. பொம்பளைப் பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் போகிறது. அவளுக்குக் கூடுதலாக வேண்டுமே தவிரக் குறைவாக அல்ல. இந்தச் சங்கிலி என்னோடு நிற்கட்டும் என்று நினைக்கிறேன். நாளைக்கு அவள் போகிற வீட்டில் கடைசியாக உட்கார்ந்து தண்ணிக் குழம்பு ஊற்றிக்கொள்ளக் கூடாது.

ஒரு தங்கச்சி கேட்டது

போன மாதம் எங்க குழுவில் இதைச் சொன்னபோது ஒரு தங்கச்சி எழுந்து கேட்டாள்: "அக்கா, காலையில ஆறு மணிக்குப் பூப்பறிக்கப் போறோம். இதுக்கெல்லாம் நேரம் ஏது?" நியாயமான கேள்வி. இராத்திரி படுக்கும் முன்னாடி பயறை ஊற வைக்க ரெண்டு நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கு உருண்டை பிடித்து டப்பாவில் போடலாம். வெங்காயம் உரிக்க, கீரை ஆய பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். மகளை மட்டும் இல்லை, மகனையும் கூப்பிடுங்கள். குக்கர் வைக்க வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுங்கள். சாப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் அடுப்படியில் வேலை உண்டு.

இன்னொரு அக்கா, "மளிகைக் கடையில் கடனுக்கு வாங்கறோம். அவன் கொடுக்கிறதைத்தான் வாங்கணும்"னு சொன்னாங்க. அதுக்கு எங்க குழு ஒரு வழி செய்தது. தை, மாசியில் கொள்ளும் அவரையும் அறுவடையாகி விலை இறங்கியிருக்கும்போது, ஆளுக்கு 200 ரூபாய் தனியாகப் போட்டோம். 12 பேருக்கு 2,400 ரூபாய். சேமிப்புப் பணத்தைத் தொடவில்லை, தனி நோட்டில் எழுதினோம். காட்டிலேயே மூட்டையாக வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டோம். சில்லறைக் கடையைவிட விலை குறைந்தது. நல்ல வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, வேப்பிலை போட்டு மூடி வைத்தால் பல மாதம் வரும். உங்கள் குழுவிலும் செய்யலாம். ரெண்டு குழு சேர்ந்தால் இன்னும் நல்லது.

நிறைவாக

உங்களிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு வாரத்து அடுப்படிச் செலவை எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான்.

ரெண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அளவைப் பரிசோதித்து அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்கிறோம். இரத்தம் எவ்வளவு என்று கேட்டால் விழிக்கிறோம்.

மூணு, இன்றைக்கு இராத்திரி குழம்பு இறக்கினதும் ஒரு கிண்ணம் எடுங்கள். உங்க பங்கை முதலில் எடுத்து வையுங்கள். வீட்டில் யாராவது கேட்டால், "குழுவில் தீர்மானம் போட்டுட்டாங்க"ன்னு சொல்லுங்கள். நாம் போட்ட தீர்மானங்களில் இதுக்குத்தான் செலவே கிடையாது.

வீட்டுக்குப் போகும்போது வாசலில் எங்க குழுவினர் கடலை உருண்டை வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு என்று முந்தானையில் முடியாமல், நீங்களே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.